கிலெல்ஸா, ரிக்டரா: முதலில் யாரைக் கேட்பது?

உக்ரைன் மண்ணில் பிறந்த இந்த இரு பியானோ மேதைகளில் யாரிடமிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு.

எமில் கிலெல்ஸ்: 1916, ஒடெசா.
ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர்: 1915, ஷிடோமிர்.
இருவருக்கும் மாஸ்கோவில் ஒரே குரு, ஹைன்ரிஹ் நாய்ஹவுஸ். கிலெல்ஸ் தாமும் அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். ரிக்டர் கற்பிக்கும் பக்கமே போகவில்லை.

ஒலித்தரம். கிலெல்ஸின் பிற்காலப் பதிவுகள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் செய்தவை, துல்லியமானவை. ரிக்டரின் சிறந்தவை பல மேடைப் பதிவுகள். 1958இல் பல்கேரியாவின் சோபியா நகரில் நடந்த கச்சேரியில், ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படைப்புக்கு நடுவே இருமல் சத்தம் விடாது. தவறிய சுரங்களும் உண்டு. அந்த வேகமும் துணிச்சலும் ஸ்டுடியோவில் கிடைக்காது என்பதால் நான் பொறுத்துக்கொள்வேன்.

பேத்தோவன். கிலெல்ஸ் அவருடைய 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ படைப்புகள்) பதிவு செய்து முடிக்கும் முன் 1985இல் இறந்தார். 5 விடுபட்டன, கடைசி சொனாட்டாவும் அதில் ஒன்று. ரிக்டருக்கு முழுத்தொகுப்பு போடும் எண்ணமே இல்லை. 'நிலவொளி' சொனாட்டா வேண்டுமென்றால் கிலெல்ஸ்தான்.

பொறுமை. ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவில் முதல் பகுதி மட்டுமே ரிக்டர் கையில் 24 நிமிடத்துக்குப் போகும். ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் மறுமுறைக் குறியை அவர் விடுவதில்லை, நடையும் மிக மெதுவு. பேருந்தில் கேட்டால் தூக்கம்தான் வரும். இரவில் விளக்கணைத்துக் கேளுங்கள்.

புரோகோஃபியெவ். இந்த ரஷ்ய இசையமைப்பாளரின் 7ஆம் சொனாட்டாவை 1943இல் அரங்கேற்றியவர் ரிக்டர், 8ஆவதை 1944இல் கிலெல்ஸ். இங்கே யாரையும் விட முடியாது.

புதியவர்கள், ஹெட்போனில் கேட்பவர்கள்: கிலெல்ஸ், பிராம்ஸின் கான்செர்டோக்களில் (இசைக்குழுவோடு பியானோ சேரும் படைப்புகள்) தொடங்கலாம். ஏற்கெனவே காது பழகியவர்கள்: ரிக்டர்.