பெட்டியில் பிரிந்து வந்த அலமாரிக்குப் புது முகம்: பெயின்ட்டா, ஒட்டுத்தாளா, துணியா, மைக்காவா?

ஈரோட்டில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் 4 அடி உயரமும் 2 அடி அகலமும் 1 அடி ஆழமும் கொண்ட ஒரே மாதிரியான 3 புத்தக அலமாரிகள் இருக்கின்றன. அட்டைப்பெட்டிக்குள் பலகை பலகையாகப் பிரிந்து வந்து, கூடவே வரும் சிறு வளைசாவியைக் கொண்டு நாமே முடுக்கி நிறுத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை அவை. விலை குறைவு, உறுதியும் அதற்கேற்றதுதான். மூன்றும் வெள்ளை நிறம். வாங்கிய கையோடு ஒன்றுக்குப் பெயின்ட், ஒன்றுக்கு ஒட்டுத்தாள், ஒன்றுக்குத் துணியும் மைக்காவும் என மூன்று வழியில் அவற்றை மாற்றி அமைத்தேன். 2 ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு மூன்றையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது எது நின்றது, எது தோற்றது என்பது தெளிவாகத் தெரிகிறது. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

அந்தப் பலகை எதனால் ஆனது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எந்த அலங்காரம் பொருந்தும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மரச்சீவலையும் தூளையும் பிசினோடு கலந்து, சூடான அழுத்தத்தில் பலகையாக்கி, அதன் இரு முகங்களிலும் மெலமைன் பிசினில் ஊறிய அச்சுத்தாளை ஒட்டுகிறார்கள். கடைகளில் பார்ட்டிகிள் போர்டு, அதாவது துகள் பலகை என்று சொல்வது இதைத்தான். முகத்தில் படும் தண்ணீர் வழிந்து போய்விடும். ஓரத்தில் படும் தண்ணீரோ, அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டையின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிச் சீவல்களை உப்ப வைத்துவிடும். ஒருமுறை உப்பிய பலகை காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை. இதற்கு முன் வைத்திருந்த அலமாரியை நாங்கள் இழந்தது இப்படித்தான். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பழக்கம் எங்களுடையது. ஓராண்டுக்குள் அதன் அடிப்பலகை டீயில் நனைத்த வர்க்கியைப் போல ஊதி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அதைப் பார்க்க வந்த எங்கள் வீதி ஆசாரி, "அம்மிணி, மேல நீங்க தங்கத் தகடே அடிச்சாலும் ஓரம் தெறந்து கெடந்தா தண்ணி உள்ள போயிருமுங்க. மொதல்ல ஓரத்த அடைங்க" என்றார். ஆகவே இந்த வழிகளை அழகை மட்டும் வைத்து எடைபோடாமல், ஒவ்வொன்றும் ஓரத்தை எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

மூன்று அலமாரிகளுக்கும் பொதுவாகச் செய்த வேலை ஒன்று உண்டு: 4 அங்குல உயரத்தில் இரும்புக் கால்கள் வைத்தேன். துகள் பலகையில் திருகு நெடுநாள் பிடித்து நிற்காது என்பதால், அடிப்பலகையின் கீழே இரண்டு பிளைவுட் பட்டிகளைப் பெவிகால் இட்டுத் திருகி, அந்தப் பட்டிகளில் கால்களைப் பூட்டினேன். வீடு கழுவும் தண்ணீர் இப்போது அடியில் ஓடிப் போய்விடுகிறது. கரையான் ஏறினாலும் அதன் மண்கோடு உடனே கண்ணில் படும். வேறு எதற்கும் கையில் பணமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். மேசையின் கால்களைக் கழற்றித் தட்டையான பெட்டியில் அடைத்து விற்கும் முறையை ஸ்வீடனின் ஐகியா நிறுவனம் 1956ஆம் ஆண்டு கையில் எடுத்தது லாரியில் இடத்தை மிச்சப்படுத்தத்தான். அந்தத் தட்டை வடிவம் நமக்கும் வசதியாக அமைகிறது. பலகைகள் தரையில் பரப்பிக் கிடக்கும்போதே அலங்காரத்தை முடித்துவிட்டு, அதன் பிறகு முடுக்கினால் மூலை முடுக்குகளில் கை நுழையாமல் திண்டாட வேண்டியதில்லை.

கூடத்து அலமாரிக்கு மாவிலைப் பச்சையில் எனாமல் பெயின்ட் அடித்தேன். பெயின்ட்டின் வெற்றி தோல்வி முழுவதும் அடிப்பதற்கு முன் செய்யும் வேலையில் இருக்கிறது. வழவழப்பான மெலமைன் முகத்தில் பெயின்ட் தானாகப் பற்றாது. 220 எண் உப்புத்தாளால், வெள்ளைத் தாள் கிழியாமல், அதன் மினுமினுப்பு மட்டும் மங்கும் அளவுக்குத் தேய்த்து, தூசியைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, வழுக்கும் பரப்பைப் பிடிப்பதற்கென்றே விற்கும் பிரைமரை ஒரு கை பூச வேண்டும். சுவருக்கு வாங்கி மிச்சமிருக்கும் பிரைமர் இதற்கு ஆகாது; நகத்தால் சுரண்டினால் தோல் தோலாக வரும். பட்டை ஒட்டாமல் விட்டிருந்த பின்புற ஓரங்கள் முதல் பூச்சை அப்படியே குடித்துவிட்டன. இரண்டாம் முறை பூசிய பிறகுதான் தெளிந்தன. அதற்கு மேல் நுரை உருளையால் மெல்லியதாக இரண்டு பூச்சு. கனமாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் ஓரங்களில் வடிந்து சொட்டு நிற்கும்.

காயும் காலத்தில்தான் நான் தவறு செய்தேன். எனாமல் ஓர் இரவில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடுகிறது, ஆனால் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் எடுக்கும். அந்தப் பொறுமை இல்லாமல் நான்காம் நாளே பாடப்புத்தகங்களை அடுக்கினேன். ஒரு மாதம் கழித்து ஒரு புத்தகத்தை இழுத்தபோது அட்டையின் ஓரத்தோடு பச்சைப் பெயின்ட்டும் உரிந்து வந்தது. தட்டில் அந்த வெள்ளை வடு இன்னும் இருக்கிறது. மாதத்தையும் பார்த்துத் தொடங்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வட்டாரமெங்கும் புழுதியை வாரி இறைக்கும் ஆனி, ஆடியில் வெளியே வைத்துப் பூசினால் ஈரப் பெயின்ட்டில் மண் ஒட்டி, முடிந்ததும் கை வைத்தால் உப்புத்தாளைத் தடவுவது போலிருக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும்போது தூசியைத் தடுப்பது எப்படி? ஐப்பசி, கார்த்திகையின் ஈரத்தில் காய்வதற்கு இரட்டிப்புக் காலம் ஆகும். மாசி, பங்குனிதான் ஏற்ற மாதங்கள்.

இத்தனை சிரமத்துக்கும் பலன் இருக்கிறது. ஓரம், திருகுக் குழி, வெட்டு வாய் என எந்த வடிவத்திலும் புகுந்து அடைப்பது பெயின்ட் ஒன்றுதான். நாற்காலி இடித்து மூலையில் சிலும்பிய இடத்தை, டப்பாவில் மிச்சமிருந்ததைத் தொட்டு ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். பழுதான இடத்தை மட்டும் சீர்செய்யும் இந்த வசதி மற்ற வழிகளில் கிடையாது.

சமையலறைக் கதவோரம் நிற்கும் அலமாரிக்குத் தேக்கு ரேகை அச்சிட்ட ஒட்டுத்தாள். இந்த வேலை ஒரே மாலையில் முடிந்தது. சுருள் 45 செ.மீ. அகலம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடி. பக்கப் பலகை 1 அடி என்பதால் ஒரே துண்டு போதுமானதாக இருந்தது. 2 அடி அகல முதுகுப் பலகைக்கு நடுவில் ஓர் இணைப்பு தவிர்க்க முடியாததாயிற்று. சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஒட்டினால் தாளை நகர்த்திச் சரிசெய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். கண்ணாடிக்கு அது சரி, ஓரம் திறந்த துகள் பலகைக்கு வேண்டாம். காய்ந்த பலகையில் ஒரு சாண் ஒரு சாணாகப் பின்தாளை உரித்து, பழைய அடையாள அட்டையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தேய்த்துக்கொண்டே போவது நல்லது.

தோற்றத்தில் முதல் மாதம் இதுதான் முதலிடம் பிடித்தது. ஆனால் மேற்குச் சன்னல் வெயில் பங்குனி, சித்திரையில் நேராக விழுந்து பசை இளகி, முன் ஓரங்களில் தாள் எழும்பியது. தாளிப்பின் எண்ணெய்ப் புகை அந்த இடுக்கில் படிந்து பழுப்புக் கோடாகிவிட்டது. அதைவிடக் கவலைக்குரியது, எழும்பிய மூலைக்குள் போகும் ஈரம் வெளியே தெரியாமல் உள்ளேயே தங்குகிறது என்பது. கீழ்த்தட்டில் பலகை உப்பியதை நான் தாளை உரித்த பிறகுதான் கண்டேன். வாடகை வீட்டுப் பொருளுக்கு, வெயிலும் புகையும் படாத படுக்கையறையில், இரண்டாண்டுக் கணக்கில் என்றால் தாராளமாக ஒட்டலாம். வேண்டாதபோது முடி உலர்த்தியால் சூடாக்கி இழுத்தால் உரிந்து வரும், மிஞ்சும் பசை தேங்காய் எண்ணெய்க்கு இளகும். சமையலறைப் பக்கம் மட்டும் கூடவே கூடாது.

மூன்றாவது, பிள்ளைகள் படிக்கும் அறையில் நிற்பது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அதன் முதுகுப் பலகைக்குச் சென்னிமலைக் கைத்தறிப் போர்வையின் துணியை ஒட்டினேன். 60க்கு 90 அங்குலம் உள்ள ஒற்றைப் போர்வையில், மடிப்புக்கு இடம் விட்டு 50க்கு 26 அங்குலமாக வெட்டினால் இப்படிப்பட்ட 3 முதுகுகளுக்குத் துணி கிடைக்கும். தறித் துணிக்குப் பெயர்போன நாட்டில் வாழ்ந்துகொண்டு, மரத்தைப் போல் நடிக்கும் பிளாஸ்டிக் தாளைத் தேடிப் போவானேன் என்று அதை ஒட்டி முடித்த அன்றே தோன்றிவிட்டது.

துணியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருப்பூர் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பனியன் துணி இதற்கு உதவாது. பின்னல் துணி என்பதால் இழுத்த பக்கமெல்லாம் நீண்டு, பசை காயும்போது அலை அலையாகச் சுருங்கும். பாவும் ஊடையும் உள்ள நெசவுத் துணிதான் வேண்டும். கரூரில் மேசைவிரிப்புக்கும் திரைக்கும் நெய்து ஏற்றுமதியில் மிஞ்சிய துண்டுகள் கிடைத்தால் அவை மிகப் பொருத்தம். வாங்கியதை ஒருமுறை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும், ஏனெனில் பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். பசையைத் துணியில் தடவாமல் பலகையில் மெல்லியதாகப் பரப்பி, அது சற்று ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகு துணியை நடுவிலிருந்து நீவி விட்டால் மேலே கறை தெரியாது. மைதாப் பசையைத் தவிர்த்துவிடுங்கள். கஞ்சியைத் தேடி வரும் இராமபாணப் பூச்சி துணியோடு புத்தகங்களையும் அரிக்கும்.

முதுகுப் பலகை சுமார் 3 மி.மீ. கனம்தான், பக்கப் பலகைகளில் வெட்டியிருக்கும் காடிக்குள் (ஒடுங்கிய நீளப் பள்ளத்துக்குள்) அது இறங்கி உட்கார வேண்டும். முதல் முயற்சியில் துணியை விளிம்பைச் சுற்றி மடித்து ஒட்டியதால் பலகை காடிக்குள் நுழையவே மறுத்தது. பிறகு பிளேடால் விளிம்பிலிருந்து அரை அங்குலம் துணியை வெட்டி எடுத்த பின், சறுக்கிக்கொண்டு இறங்கியது. வெட்டிய நூல் விளிம்பும் காடிக்குள் மறைந்துகொண்டது. மடிப்புக்கென்று நான் விட்ட இடம் கடைசியில் வீண்தான். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தை ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: அதன் தடித்த நெசவு எந்தக் காடிக்குள்ளும் போகாது. அலமாரியின் முன்பக்கம் ஒரு கம்பி பூட்டித் திரையாகத் தொங்கவிட்டால், அந்தக் கனமே அதை மடிப்பு மடிப்பாக அழகாக விழச் செய்யும், புத்தகத்துக்குத் தூசியும் குறையும்.

துணியின் குறை, அது ஓரத்துக்கு எந்தக் காவலும் தராது என்பது. தண்ணீரும் கையும் அதிகம் படாத முதுகுக்கு மட்டுமே அது ஏற்றது. அதனால்தான் இதே அலமாரியின் மேல்பலகைக்கும் பக்கங்களுக்கும் 1 மி.மீ. மைக்கா ஒட்டினோம். கடையில் 8க்கு 4 அடி முழுத்தகடாகத்தான் தருவார்கள், அதாவது 32 சதுர அடி. எனக்குத் தேவைப்பட்டதோ வெளிப்பக்கங்கள் இரண்டுக்கும் 8, மேலே 2 என மொத்தம் 10. ஆசாரியிடம் வேறு வீட்டு வேலையில் மிஞ்சிய துண்டுகள் இருந்ததால் செலவு கட்டுப்பட்டது. முழுத்தகடு வாங்கிக் கூலியும் கொடுத்தால் அலமாரியின் விலையையே தாண்டிவிடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பசையை இரு பரப்பிலும் தடவிக் காய விட்டுச் சேர்ப்பதால், ஒருமுறை தொட்டால் நகர்த்த வழியில்லை. பழகிய கை வேண்டிய வேலை. மெல்லிய தனிப் பலகைக்கு ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் நாளடைவில் வில்லாக வளையக்கூடும். ஆனால் உறுதியில் இதற்கு இணையில்லை: 2 ஆண்டுகளாகத் தண்ணீர்ச் சொம்பும் பென்சில் சீவலும் புழங்கும் மேல்பலகையில் ஒரு கீறல்கூட இல்லை, ஓரத்தில் ஒட்டிய பட்டையும் அசையவில்லை.

பெங்களூருவில் 2022இல் ஐகியா கடை வந்த பிறகு அங்கிருந்து லாக் என்னும் சிறு மேசையைக் காரில் போட்டுக்கொண்டு வருபவர்கள் இங்கே கூடியிருக்கிறார்கள். அதன் உள்ளே தேன்கூட்டு வடிவக் காகிதம்தான் இருக்கிறது; எனவே நடுவில் ஆணியோ திருகோ ஏற்றாமல், பொள்ளாச்சிக் கயிற்றைப் பசையிட்டுக் கால்களில் நெருக்கமாகச் சுற்றலாம். தோற்றம் நன்றாக மாறும், ஆனால் தேங்காய் நார் சில வாரம் உதிர்ந்துகொண்டேயிருக்கும்.

அடுத்த ஆண்டு நாங்கள் வீடு மாறவிருப்பதால் மூன்றையும் கழற்றிப் பார்த்தேன். பெயின்ட் அடித்ததில் இணைப்புகளில் பூச்சு பிடித்துக்கொண்டதால் பிளேடால் கோடு கிழித்த பிறகே பிரிந்தது. ஒட்டுத்தாளில் இணைப்புகளை மூடியிருந்த இடமெல்லாம் கிழிந்தது. துணியும் மைக்காவும் கொண்டது வந்த மாதிரியே பலகை பலகையாகப் பிரிந்து நின்றது. தளர்ந்த திருகுக் குழிகளில் தென்னை ஈர்க்குகளைப் பெவிகாலில் தோய்த்துச் செருகி, மட்டமாக நறுக்கி, ஒருநாள் காயவிட்டு மறுபடி முடுக்கினேன். திருகு இறுகிப் பிடித்தது.