ஜூலை எட்டா, ஆகஸ்ட் ஏழா? ஒன்றியப் பள்ளியில் ஒரு அமெரிக்கப் பிள்ளை

நியூஜெர்சியில் முதல் கிரேடு முடித்து வந்த அண்ணன் மகளை, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் போன அன்றே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். வைத்தது மூன்றாம் வகுப்பில். போக வேண்டியது இரண்டாம் வகுப்புக்கு.

எல்லாம் ஒரு தேதியால் வந்த வினை. அமெரிக்கப் பள்ளி கொடுத்த காகிதத்தில் பிறந்த தேதி 08/07/2018. அங்கே மாதம்தான் முதலில் வரும், ஆகஸ்ட் 7. நம்மூர்க் கண்ணுக்கு அது ஜூலை 8. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வகுப்புக்கும் அதிலிருந்தே வகுப்புக்கு ஒரு வயது கூட்டிக் கணக்கிடுகிறார்கள். ஜூலை 8 என்றால் 2025-இல் ஏழு நிறைந்து மூன்றாம் வகுப்பு. ஆகஸ்ட் 7 என்றால் ஆறுதான், இரண்டாம் வகுப்பு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ ஆவணத்தில் நாள் முதலில், 07/08/2018. இரண்டையும் சேர்த்து நீட்டினால் ஹெச்.எம். எதை நம்புவார்?

இதற்கு மருந்து பாஸ்போர்ட். அமெரிக்க பாஸ்போர்ட்டில் மாதம் எழுத்தில் இருக்கும். அந்த நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுங்கள். விண்ணப்பத்திலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பேனாவால் ஏறும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். அங்கே எழுதியதுதான் எமிஸ் (மாநில அரசின் மாணவர் பதிவு), யூடைஸ் (மத்திய அரசின் பதிவு), டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) என்று போய், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வரை ஒட்டிக்கொள்ளும். பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் போவதற்குள் திருத்தினால் தப்பித்தீர்கள். பிறகென்றால் அலைச்சல்தான்.

பெயரும் இப்படித்தான். அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் நிற்கும், இங்கே இனிஷியலாக முன்னால் வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுசாகப் போடச் சொல்லுங்கள். பின்னால் ஆதார் எடுக்கும்போது அதுவும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் வரும்.

டி.சி. இல்லையே என்று பதற வேண்டாம். அமெரிக்காவில் நம்மூர் டி.சி. மாதிரியான காகிதம் பொதுவாகக் கிடையாது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு, மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ இடம் மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். வருஷ நடுவில் போனாலும் அப்படியே. ஆனாலும் படித்த வகுப்பு, விலகிய தேதி, பிறந்த தேதி (மாதம் எழுத்தில்!) மூன்றும் இருக்கிற மாதிரி பழைய பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வந்துவிடுங்கள்.

சுற்றுலா விசாவில் வந்த பிள்ளையைச் சேர்க்க முடியாது. ஓசிஐ இருந்தால் தனி விசா வேண்டாம். ஓசிஐ பிள்ளைக்கு ஆதார் உடனே கிடைக்காது. முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்திய பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. ஆதார் இல்லாமல் யூடைஸ் பதிவு ஏறாது என்று யாராவது சொன்னால், ஆதார் எண்ணுக்கான கட்டத்தில் ஒன்பதைப் பன்னிரண்டு முறை போடலாம் என்று பணிவாக நினைவூட்டுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், தடுப்பூசி அட்டை என்று ஃபைல் கட்டிக்கொண்டு போனால்தான் பள்ளிக் கதவு திறக்கும். இங்கே தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டியும் ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. அது நல்லதா என்று கேட்டால், இல்லை.

தமிழ் பேச வரும், எழுத வராது என்ற கவலையும் வேண்டியதில்லை. அரசுப் பள்ளித் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் (மேல் நிலை) என்று நிலை பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள். தமிழுக்கு அரும்பு, கணக்குக்கு மலர் என்று ஒரே பிள்ளை இரண்டிலும் இருக்கலாம். டீச்சரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம் பேசுகிற வேகத்தைப் பார்த்து எல்லாவற்றிலும் மலரில் போட்டுவிடுவார்கள்.