நவம்பர் மாத சுவிட்சர்லாந்து பேக்கேஜா? உஷார்! எங்களுக்கு 5,40,000 ரூபாய் போச்சு

ஊர் திரும்பி இன்னும் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. அப்பா, அம்மா, நான் என மூன்று பேருக்கு 5,40,000 ரூபாய் கட்டி, பூட்டிய ஸ்டேஷன்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

பெயர் வேண்டாம். கோவையில் ஒரு டிராவல் ஏஜென்சி. "நவம்பர்தான் சார் பெஸ்ட். கூட்டம் இருக்காது, ரேட் கம்மி, பனியும் பார்க்கலாம்" என்றார் முதலாளி. அம்மாவுக்கு மூட்டுவலி என்றதும் எழுந்து வந்து தன் நாற்காலியையே போட்டார். சர்க்கரை இல்லாமல் காபி வந்தது. "எங்கம்மாவை அனுப்புற மாதிரி அனுப்புறேன், கவலைப்படாதீங்க" என்றார். அப்பா அங்கேயே செக் எழுதிவிட்டார்.

அங்கே போனால் லூசெர்ன் நகரில் ஏரியின் எதிர்க்கரையே தெரியவில்லை. குளிர்காலம் நெருங்கும்போது ஜூரா மலைக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவே கனத்த குளிர்காற்று தேங்கிவிடுமாம். மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ள, நாள்கணக்கில் மூடுபனிதான். மலை ஏறினால் வெயில் அடிக்கும். சரி, ஏறலாம் என்றால் எதில் ஏறுவது? எங்கள் திட்டத்தில் இருந்த ஷினிகே பிளாட்டே மலை ரயில் அக்டோபர் கடைசியோடு சீசனை முடித்துவிடுகிறது. 2,429 மீட்டர் உயர ஃபுர்கா கணவாய் பனியால் அடைபட்டிருந்தது. கண்ணாடிக் கூரை வைத்த சுற்றுலா ரயிலான கிளேசியர் எக்ஸ்பிரஸ் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஓடாது. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலில் உட்காரவைத்தார்கள். காசு வாங்கியது கண்ணாடிக் கூரைப் பெட்டிக்கு! கேபிள் கார்கள் பலவற்றுக்கும் நவம்பர்தான் பராமரிப்பு மாதம். பனி விளையாட்டுக்கும் சீசன் சூடு பிடிக்கவில்லை. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. பனிமலை மேலேயே ரயில் போய் நிற்கும் யுங்ஃப்ராவ்யோக் மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும் என்பதால் தப்பித்தது.

அங்கிருந்தே போன் செய்தேன். "கிளைமேட் கடவுள் கையில சார்" என்றார். மூடுபனி கடவுள் கையில்தான், ஒப்புக்கொள்கிறேன். ரயில் அட்டவணையுமா? சீசன் தேதிகளை ரயில் நிறுவனங்கள் அவரவர் இணையதளத்தில் முன்கூட்டியே போட்டிருக்கிறார்கள். விற்கும்போதே இவருக்குத் தெரியாதா என்ன!

திரும்பி வந்ததும் நேரில் போனேன். முதலில் "ஓனர் வெளியூர்". அப்புறம் "திட்டம் மாறுதலுக்கு உட்பட்டதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே". வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் அடுத்த துபாய் டூரில் 15,000 கழித்துக்கொள்வார்களாம். நான் கட்டியது 5,40,000 ரூபாய் ஐயா!

எப்போது போகலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கணவாய், மலை ரயில், நடைபயணம் வேண்டுமென்றால் ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை. கோடையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். பனி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரி. நவம்பர் வேண்டாம். ஏப்ரலிலும் பல இடங்கள் மூடியிருக்கும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குறையும், கோடையிலும் ஸ்வெட்டர் எடுங்கள். பணம் கட்டும் முன் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு ரயிலும் அந்தத் தேதியில் ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

திங்கட்கிழமை நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.