கோண்டாவில் டெனிஷ் வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

தங்கச்சி கலியாணமாகி டென்மார்க்கில் ஹேர்னிங் போகவிருக்கிறாள். நான்கு மாதமாக அவளைக் கோண்டாவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் டெனிஷ் வகுப்புக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய், ஒழுங்கையில் சும்மா நிற்பானேன் என்று நானும் பின்வாங்கில் இருந்து கேட்டேன். மாதம் 5,000 ரூபா, கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

முதலில் குறை. இருபத்திரண்டு பேர் இருப்பதால் வாய்விட்டுப் பேச ஆளுக்கு இரண்டு தரம்தான் வருகிறது. சாப்பாட்டுக்கான சொல்லை எழுத்தில் பார்த்தால் ‘மாட்’ போல இருக்கும், சேர் சொன்னால் கடைசி எழுத்து நாக்கிலேயே கரைந்துவிடும். அதெல்லாம் பத்துத் தரம் சொல்லிப் பழகவேண்டியது, நேரம் போதாது.

ஆனால் கடைசி அரை மணித்தியாலம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். முப்பது வருடம் டென்மார்க்கில் இருந்த எங்கள் சேர், அந்தச் சனத்தின் மனம் எப்படி மாறியது என்று சொல்லித் தருகிறார். 80களில் போனவர்கள் ‘அன்பான நாடு’ என்கிறார்கள், இப்போது போகிறவர்கள் ‘இறுக்கிப் பிடிக்கிறான்’ என்கிறார்கள், இரண்டும் உண்மைதான், வருடம்தான் வேறு என்பார்.

1987 இல் டென்மார்க்கின் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் எங்கள் அகதிகளின் குடும்பங்கள் வந்து சேர்வதைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைத்தார். அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார், 1995 இல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறை. அங்கே அதற்குப் பெயரே ‘தமிழர் வழக்கு’. எங்கள் மாமி அந்த நாட்களில் விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜில் கிடந்தவர். ஏன் என்று எனக்கு இந்த விறாந்தையில்தான் விளங்கியது, அன்றிரவு நித்திரை வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, கரும்பலகையில் குடியேற்றத்தை எதிர்க்கும் டெனிஷ் மக்கள் கட்சியின் வாக்கு வீதத்தை எழுதினார்: 2001 இல் 12, 2015 இல் 21.1, 2019 இல் 8.7, 2022 இல் 2.6. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவர் சோக்கட்டியால் அந்த 2.6 ஐச் சுற்றி வட்டம் போட்டு, “சரி, வாக்கெல்லாம் எங்கே போச்சு?” என்று கேட்டார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. 2019 இல் பிரதமரான மெற்ற ஃபிரெடெரிக்சனின் சமூக சனநாயகக் கட்சியே குடியேற்றத்தில் கடுமையான பக்கம் போய்விட்டது. தஞ்சம் கேட்ட இளம் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்ததற்காக 2021 இல் 60 நாள் சிறைத்தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர், அடுத்த வருடமே புதுக்கட்சி தொடங்கி 8.1 வீதம் எடுத்தார். கட்சிதான் தேய்ந்தது, எண்ணம் மற்றக் கட்சிகளுக்குள் பரவிவிட்டது என்றார் சேர். துணையை அங்கே கூப்பிடக் கணவன், மனைவி இருவருக்கும் 24 வயதாக வேண்டும் என்ற 2002 ஆம் ஆண்டு விதியும் ஏன் இன்னும் நிற்கிறது என்று அப்போதுதான் தங்கச்சிக்குப் பிடிபட்டது.

விசா முகவர்கள் காசு வாங்கிக்கொண்டு படிவத்தை நிரப்பித் தருவார்கள், இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்?

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும். கொஞ்சம் முந்திப் போய் முன்வாங்கைப் பிடியுங்கள், பின்னால் இருந்தால் உச்சரிப்பு சரியாகக் கேட்காது.