சிவிலைசேஷன் 6: எந்த வொண்டரை முதலில் கட்டுவது? பல வருஷமாக ஆடும் டெல்டாக்காரனின் கணக்கு

சிவிலைசேஷன் 6 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் எந்த வொண்டர் (ஒரு ஆட்டத்தில் ஒருவர் மட்டுமே கட்டக்கூடிய உலக அதிசயம்) உசத்தி என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதே ப்ரொடக்ஷனில் (ஊரின் உற்பத்திப் புள்ளிகளில்) எத்தனை செட்டிலர் (புது ஊர் போடும் ஆள்) வரும்? ஸ்டாண்டர்ட் வேகத்தில் முதல் செட்டிலர் 80, அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் 30 ஏறும். ஸ்டோன்ஹெஞ்சும் தொங்கும் தோட்டமும் 180. பிரமிட் 220. ஆரக்கிள் 290. ஆக, ஆரம்பத்தில் கட்டும் ஒரு வொண்டர் கிட்டத்தட்ட இரண்டு ஊருக்குச் சமம். டர்னுக்கு, அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றுக்கு, 10 ப்ரொடக்ஷன் வரும் தலைநகரில் பிரமிட்டைப் போட்டால் 22 டர்ன் அதிலேயே போய்விடும். அதற்குள் பக்கத்து நாட்டுக்காரன் நீங்கள் கண் வைத்திருந்த ஆற்றங்கரையில் ஊர் போட்டுவிடுவான். தங்கம் கொடுத்து வொண்டரை வாங்கவும் முடியாது.

திருவாரூரில் இருக்கும் அக்கா மகன் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவான்.

"மாமா, ஸ்டோன்ஹெஞ்ச் எடுத்துட்டேன், பாருங்க."

"ஊர் எத்தனைடா?"

"ரெண்டு."

அவன் ஆடுவது சுலபமான லெவல், அதனால் அங்கே இது ஓடும். மிகக் கடினமான டெய்ட்டி லெவலில் கம்ப்யூட்டர் மூன்று செட்டிலரோடு ஆட்டத்தைத் தொடங்குகிறது. அங்கே ஸ்டோன்ஹெஞ்சுக்கு நான் போட்டியே போடுவதில்லை.

ஆரம்ப காலத்தில் எனக்கு மனசு வந்து கட்டும் வொண்டர் பிரமிட்தான். அதற்கு மேடில்லாத பாலைவனக் கட்டம் வேண்டும், பாலைவன ஆற்றுப்படுகையும் சரிதான். கட்டியதும் ஒரு பில்டர் (வயல், சுரங்கம் போடும் வேலையாள்) இலவசம். அதைவிடப் பெரிய லாபம், மூன்று வேலையோடு தீர்ந்துபோகும் பில்டர் அன்றிலிருந்து நான்கு வேலை செய்வான். ஃப்யூடலிசம் என்ற கலாசார முன்னேற்றம் வந்து செர்ஃப்டம் என்ற கொள்கைக் கார்டைப் போட்டால் இன்னும் இரண்டு சேர்ந்து ஆறு. பில்டர் விலையும் ஒவ்வொருவருக்கும் ஏறிக்கொண்டே போவதால் இந்த ஒரு வேலை கடைசிவரை காசு. நான் செய்வது இப்படி: முதலில் மூன்று ஊர் போட்டுவிடுவேன். பிறகு கார்வே கார்டைச் செருகுவேன், பழங்கால வொண்டர்களுக்கு அது 15 சதவீதம் கூட்டித் தரும். அப்புறம் மேக்னஸ் என்ற கவர்னரை அந்த ஊரில் உட்காரவைத்து, பிரமிட் வேலை ஓடும்போதே சுற்றியிருக்கும் காட்டை வெட்டுவேன். மேக்னஸ் இருந்தால் வெட்டும் காட்டுக்குப் பாதி மடங்கு கூடுதல் ப்ரொடக்ஷன் கிடைக்கும். எகிப்தாக ஆடினால் ஆற்றோரம் கட்டும் வொண்டருக்கு இன்னொரு 15 சதவீதம். 22 டர்ன் என்ற கணக்கு அப்போது பாதிக்கும் கீழே வந்துவிடும்.

கிரேட் பாத் (மொகஞ்சதாரோ பெருங்குளம்) என்ற வொண்டர் பற்றி நம் பக்கத்து ஆளாகக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். அது 2019 பிப்ரவரியில் கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தோடு வந்தது. அப்போது கஜா புயல் அடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேதாரண்யம் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்த நேரத்தில் கம்ப்யூட்டரிலும் புயலும் வெள்ளமுமா என்று முதல் வாரம் வெறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெள்ளத்தைச் செய்தவர்களுக்கு ஆறு தெரிந்திருக்கிறது. வயலையும் வீட்டையும் அடித்துவிட்டுப் போகும் அதே வெள்ளம், வடிந்ததும் சில கட்டங்களில் உணவோ ப்ரொடக்ஷனோ நிரந்தரமாக ஏற்றிவிட்டுப் போகும். வண்டல் என்றால் என்ன என்று தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரேட் பாத்தைப் படுகைக் கட்டத்தில்தான் கட்ட முடியும், விலை 180. அந்த ஆற்றின் வெள்ளச் சேதத்தைத் தடுக்கும், ஊருக்கு மூன்று வீட்டுவசதியும் ஒரு அமினிட்டியும் (மக்களை மகிழ்ச்சியாக வைக்கும் வசதி) தரும். ஒரே நீள ஆற்றில் உங்கள் ஊர்கள் வரிசையாக இருந்தால் பிரமிட்டுக்கு முன்பே இதை எடுக்கலாம். ஊர்கள் வேறு வேறு ஆற்றில் சிதறிக்கிடந்தால் விட்டுவிடுங்கள். அணை கட்டலாமே என்றால், அதற்கு பட்ரஸ் என்ற தொழில்நுட்பத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

தொங்கும் தோட்டம் எல்லா ஊரிலும் வளர்ச்சியை 15 சதவீதம் கூட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டுவசதி முட்டி நிற்கும் ஊரில் அந்த வளர்ச்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு அது வேலைக்கு ஆகவில்லை.

அதற்கடுத்து கொலோசியம். ஆறு கட்டத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கலாசாரமும் அமினிட்டியும் போகும், ஊர்களை நெருக்கி நெருக்கிப் போடுபவர்களுக்கு அது வரம். அரீனா உள்ள கேளிக்கை வளாகத்தை ஒட்டி சமதளம் வேண்டும், ஆகவே எந்த ஊர் நடுவில் விழும் என்று முன்கூட்டியே பார்த்து அங்கே வளாகத்தைப் போட்டுவையுங்கள். ஃபர்பிடன் சிட்டிக்கு 920 ஆகும். ஆனாலும் எந்தக் கார்டையும் வைக்கக்கூடிய இடம் ஒன்று கூடுதலாகக் கிடைப்பதால் எந்த வெற்றியைத் துரத்தினாலும் அது வீண்போகாது. ஊர் மையத்தை ஒட்டிய சமதளத்தில் ஒரு கட்டத்தை அதற்காகக் காலியாக விட்டுவைப்பது என் வழக்கம்.

மீனாட்சி கோயில் இருக்கிறது. குரு என்ற மத யூனிட் இரண்டு கிடைக்கும், மதச் சண்டை போடாதவனுக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. கணக்கில் கடைசி இடம்தான், ஆனால் மதம் தொடங்கிய ஆட்டத்தில் நம்ம மதுரைக் கோபுரத்தைக் கட்டாமல் விட்டால் தூக்கம் வராது. 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களும் தஞ்சைப் பெரிய கோயிலுமே இருக்கிறார்கள். என் லேப்டாப் அதைத் தாங்காது.

பிற்காலத்தில் ரூர் வேலி என்ற வொண்டர் ஒன்றுக்கு மட்டும் ஓடுவேன். ஃபேக்டரி உள்ள தொழிற்பேட்டையை ஒட்டி, ஆற்றோரக் கட்டம் வேண்டும். அந்த ஊரின் ப்ரொடக்ஷன் 20 சதவீதம் ஏறும், அங்கே உள்ள ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒன்று கூடும். விஞ்ஞான வெற்றிக்காக ராக்கெட் அனுப்பப்போகும் ஊரிலேயே கட்டிவிடுங்கள்.