இரண்டு பேர் வீட்டில் இரண்டு லிட்டர் குக்கர்

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெரிய குக்கர் பரணுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. தினசரிச் சமையல் எல்லாம் இரண்டு லிட்டர் அலுமினியக் குக்கரில்தான். சீக்கிரம் சூடாகிறது, கேஸ் மிச்சம், கழுவவும் சுலபம். ஆனால் சின்னதுதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் பெரிய குக்கரில் இருக்கும் அதே அளவுதான். சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை போகும்.

இரண்டு லிட்டர் என்பது விளிம்பு வரை ஊற்றினால் பிடிக்கும் அளவு. அரிசியோ பருப்போ, தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. சின்னக் குக்கரில் மூடிக்கும் பருப்புக்கும் இடைவெளி குறைவு, நுரை நேராக ஆவிக்குழாயில் ஏறிவிடும். விசிலோடு மஞ்சள் தண்ணீர் சுவரில் தெறிப்பது இதனால்தான். சுவரைத் துடைத்துக்கொள்ளலாம், கொண்டைக்கடலைத் தோல் குழாயை அடைத்தால்தான் வம்பு. அதனால் மூடும் முன் மூடியைத் தூக்கிப் பிடித்து, குழாய் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஆவி சீராகச் சீறி வந்த பிறகே வெயிட். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டால் பருப்பும் அடங்கி வேகும்.

அடுப்பில் சின்ன பர்னர்தான் இதற்குச் சரி. பெரிய பர்னரில் தீ அடிப்பாகத்தைத் தாண்டி மேலே ஏறி, கைப்பிடியைக் கருக்கிவிடும். கைப்பிடி ஸ்க்ரூ அடிக்கடி தளர்கிறது, இது எனக்கு எரிச்சல்தான்.

கேஸ்கெட் இறுகி, ஓரத்தில் ஆவி கசிந்தால் ஃப்ரீசரில் வைத்து ஒப்பேற்றலாம் என்பார்கள். நாலு நாள் தாங்கும், அவ்வளவுதான். அதே கம்பெனி, அதே மாடல் கேஸ்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். பிளாட்பாரத்தில் கிடைப்பது சரியாக உட்காருவதில்லை. சேஃப்டி வால்வ் ஒருமுறை உருகிப் போனால் புதிது மாற்றும்வரை குக்கரைத் தொடவே வேண்டாம்.

ஆபீஸ் அவசரத்தில் கரண்டியால் வெயிட்டை நெம்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பருப்பு வெந்த சமயத்தில் அது வேண்டவே வேண்டாம். தானாக அடங்க விட்டு, வெயிட்டை லேசாகத் தூக்கினால் சீறல் இல்லை என்று தெரிந்த பிறகு திறக்கலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு மூன்று லிட்டரைத்தான் சொல்வேன், ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து. விருந்தாளி ஒருவர் வந்தாலே இரண்டு லிட்டரில் சோறு இரண்டு தவணை வைக்க வேண்டியிருக்கிறது.