கருக்கலைப்புக்குப் போன ரெண்டு ஆஸ்பத்திரி, திருச்சி: என் ரிவியூ

ரெண்டு இடத்தோட பேரும் போடல, கேக்காதீங்க.

வீட்டுக்காரர் லீவு முடிஞ்சு துபாய் போய் ரெண்டு வாரத்துல நாள் தள்ளிப்போச்சு, கார்டுல பாத்தா ரெண்டு கோடு. ஏற்கனவே ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் சிசேரியன், சின்னவனுக்கு இன்னும் ஒன்றரை வயசு முடியல. வேணாம்னு போன்லயே ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.

முதல்ல போன இடம் பெரிய பில்டிங், லிஃப்டு, ஏசி எல்லாம் இருக்கு. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு சத்தமா "கலைக்கவா வந்தீங்க, ஹஸ்பண்ட் சைன் வேணும்"னு கேக்குது, அவர் வெளிநாட்டுல இருக்காரும்மான்னா "அப்ப மாமியாரையாவது கூட்டிட்டு வாங்க"ங்குது! டாக்டரம்மாவும் மாத்திரை பத்தி ஒரு வார்த்தை பேசல, டிஎன்சி (கர்ப்பப்பையைச் சுரண்டி எடுக்கறது) தான், அட்மிஷனோட பதினெட்டாயிரம்னு சொல்லிட்டாங்க. ஒரு ஸ்டார், அதுவும் ஏசிக்கு.

விசாரிச்சா சட்டத்துல புருஷன் கையெழுத்துன்னு ஒண்ணே கிடையாது. 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயசு முடிஞ்ச பொண்ணா இருந்தா அவ சம்மதம் மட்டும் போதும். 2021ல திருத்தினதுக்கப்புறம் 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஓகே சொன்னா போதும், 2022ல சுப்ரீம் கோர்ட் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் இதே உரிமைனு சொல்லிடுச்சு. எங்க தெருவுல பாதிப் பேர் இன்னும் கலைக்கறதே ஜெயில் கேஸுன்னு நெனச்சிட்டிருக்காங்க, ஸ்கேன் சென்டர்ல ஆணா பெண்ணா சொல்ல மாட்டோம்னு மாட்டியிருக்க போர்டையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

ரெண்டாவது இடம் சின்ன கிளினிக், கவர்மெண்ட் அனுமதி சர்டிபிகேட் சுவத்துலயே மாட்டியிருக்கு. டாக்டர் ஸ்கேன் பாத்து ஏழு வாரம், கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குன்னு உறுதி பண்ணினாங்க, கருக்குழாய்ல இருந்தா மாத்திரை கேக்காது, உயிருக்கே ஆபத்தாம் (மெடிக்கல்ல யாரையாவது விட்டு வாங்கிப் போடுறவங்க இத கவனிங்க). ஒன்பது வாரத்துக்குள்ள மாத்திரை, அதத் தாண்டினா உறிஞ்சி எடுக்கற முறை, சுரண்டற டிஎன்சிய உலக சுகாதார நிறுவனமே வேணாம்னு சொல்லுதுன்னு பொறுமையா சொன்னாங்க. ஃபார்ம்ல என் கையெழுத்து மட்டும்தான்.

முதல் மாத்திரை அங்கயே முழுங்கினேன். ரெண்டு நாள் கழிச்சு நாலு மாத்திரை, கன்னத்துல அடக்கி வைக்கணும், சாக்பீஸ் மாதிரி கரையுது. மூணு மணி நேரத்துல வலி ஆரம்பிச்சு இடுப்பே கழண்டு போற மாதிரி ஆயிடுச்சு, "லேசா வலிக்கும்"னு சொன்னதுக்கு ஒரு ஸ்டார் கம்மி பண்றேன். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பேடு வீதம் ரெண்டு மணி நேரம் நனைஞ்சா உடனே வாங்கன்னு சொல்லி போன் நம்பர் குடுத்தாங்க, ராத்திரி பதினொன்ரைக்குப் பண்ணினேன், எடுத்தாங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப ஸ்கேன், சுத்தமா இருக்கு. எல்லாம் சேத்து 4200 ஆச்சு.

குறைன்னா கவுன்சிலர் அக்கா மூணு தடவ "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கம்மா"ன்னு புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் மாசமா இருக்கறவங்களோடயே உக்கார வைக்கிறாங்க, எதிர் சுவத்துல பூரா பாப்பா போட்டோ, முடிவுல தெளிவா இருந்த எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நாலு ஸ்டார். சனிக்கிழமை போகாதீங்க, டோக்கன் காலைலயே தீந்துடுது.